விடுப்பில் வந்த கணவர், மனைவி, இரண்டு நாள்: கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலை பயண வழிகாட்டி

வளைகுடாவிலிருந்து முப்பது, நாற்பது நாள் விடுப்பில் ஊர் வருபவருக்கு அந்த நாள்கள் எப்படிக் கரைகின்றன என்பது நம் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் வாரம் உறவினர் வருகை. அடுத்த வாரம் விருந்துகள். பிறகு வங்கி, பத்திரப் பதிவு, வீட்டு மராமத்து, யாராவது ஒருவரின் மருத்துவமனை அலைச்சல். கடைசி வாரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். கணவனும் மனைவியும் தனியாக உட்கார்ந்து பேச ஒரு மாலைப்பொழுது கூடக் கிடைக்காமல் விமானம் ஏறியவர்கள் எத்தனையோ பேர். புதுமணத் தம்பதிகளின் நிலையும் இதுதான்.

மனைவியோடு மகிழ்ந்திருப்பது மார்க்கம் விரும்பும் காரியம். பயணம் ஒன்றில் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆகவே இரண்டு நாள் ஒதுக்குவதை வீண் செலவு என்று வீட்டுப் பெரியவர்கள் எண்ண வேண்டியதில்லை.

ஸ்பெயினுக்கும் துருக்கிக்கும் போய்வரும் தம்பதிகள் இப்போது நம்மிலும் உண்டு. ஆனால் விசா, விமானச் சீட்டு, லட்சக்கணக்கான செலவு என்பதெல்லாம் எல்லோருக்கும் இயலாது. ஊட்டி, கொடைக்கானலில் விடுமுறைக் கூட்டம் நெரிகிறது. வட தமிழகம், டெல்டா, சேலம் பகுதிகளில் இருப்பவர்கள் ஒரு காலையில் போய்ச் சேரக்கூடிய மலை ஒன்று உண்டு. அதுதான் கல்வராயன் மலை. ஆனால் அது சுற்றுலாவுக்கென்று கட்டமைக்கப்பட்ட ஊர் அல்ல. எனவே குறுகிய பயணம் நல்லபடியாக அமைவது, நீங்கள் எப்போது, எப்படி அங்கே போய்ச் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அதற்கான விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கல்வராயன் மலை எங்கே இருக்கிறது?

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவை இதன் அண்டை மலைகள். பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாகச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் இது பரவிக் கிடக்கிறது.

கள்ளக்குறிச்சி முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு வெள்ளிமலை முக்கிய ஊர். பயணிகள் அதிகம் போகும் இடம் கரியாலூர்.

இந்த மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுத்தாறு, வசிஷ்ட நதி என்று பல வழிகளில் இறங்கி, கடைசியில் வெள்ளாற்றில் சேருகிறது. அந்த வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்று நம்மவர்கள் அழைத்த அதே துறைமுக ஊர்தான். கடலோரத்தில் நாம் பார்க்கும் ஆற்றின் ஊற்றுக்கண் இந்த மலையில் இருக்கிறது.

ஊட்டியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்

ஊட்டி 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. ஏற்காடு சுமார் 5,000 அடி. கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரத்தில்தான் இருக்கிறது. எனவே நடுங்கும் குளிர் இருக்காது. சமவெளியைவிட வெப்பம் குறைவாக இருக்கும். காலையும் மாலையும் இதமாக இருக்கும்.

தேயிலைத் தோட்டம், கடைத்தெரு, பெரிய ஓட்டல் வரிசை எதுவும் இங்கே கிடையாது. மரவள்ளி வயல்கள், பலா மரங்கள், காடு, ஓடை, சிற்றூர்கள் ஆகியவையே காட்சி. இரைச்சல் இல்லாமல் இருவரும் பேசிக்கொண்டு நடக்க நினைப்பவர்களுக்கு ஏற்ற இடம். கடை கடையாக ஏறி இறங்கப் பிரியப்படுபவர்களுக்கு இது பொருந்தாது. கிளம்பும் முன் இதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். குறிப்பாக, மனைவியின் விருப்பம் என்ன என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எப்போது போகலாம்?

மழைக்காலம் முடியும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிக நல்ல காலம். காடு பசுமையாக இருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அருவிகள் மெலிந்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தீவிரமாக இருக்கும் நாள்களைத் தவிர்க்க வேண்டும்.

மாதத்தைவிட முக்கியமானது கிழமை. சனி, ஞாயிறுகளிலும் பண்டிகை விடுமுறைகளிலும் அருவிகளில் இளைஞர் கூட்டம் அதிகம். குடும்பப் பெண்கள் நிம்மதியாக நிற்கக் கூட முடியாத சூழல் ஏற்படுவதுண்டு. விடுப்பில் வந்திருப்பவருக்கு எல்லா நாளும் விடுமுறைதான் என்பதால் திங்கள் முதல் வியாழன் வரை இரண்டு நாள்களைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமையும் பயணத்தில் சேருமானால், ஜும்ஆ நேரத்துக்குக் கள்ளக்குறிச்சி நகரில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

*சாலை வழி:* சென்னையிலிருந்து வருபவர்கள் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வரை வந்து, அங்கிருந்து சேலம் நெடுஞ்சாலையில் திரும்பினால் தியாகதுருகத்தை அடுத்து கள்ளக்குறிச்சி. சேலத்திலிருந்து வந்தால் ஆத்தூர், சின்னசேலம் வழி. திருச்சி, டெல்டா பகுதியினர் உளுந்தூர்பேட்டை வழியாகவோ, விருத்தாசலம் வழியாகவோ வரலாம்.

*ரயில் வழி:* அருகிலுள்ள நிலையம் சின்னசேலம். சேலம் – விருத்தாசலம் பாதையில் இருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து சேலம் செல்லும் இரவு ரயில் இங்கே நின்று போகும். ஆனால் விடியும் முன்பே இறங்க வேண்டியிருக்கும். மனைவியோடு இருட்டில் இறங்கி, நிலைய வாசலில் வாகனம் தேடி நிற்கும் நிலை வரக்கூடாது. சீட்டு எடுக்கும்போதே இறங்கும் நேரத்தைப் பார்த்து, கார் அல்லது ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாகனம் வருவதற்குத் தாமதமானால் நிலையத்துக்குள்ளேயே காத்திருப்பது நல்லது.

*மலை ஏறும் வழி:* கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைக்குச் சாலை போகிறது. அரசுப் பேருந்து உண்டு. ஆனால் நகரப் பேருந்து போல அடிக்கடி வராது. ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் காத்திருக்க நேரும். இரண்டு நாள் மட்டுமே கையில் உள்ளவர்கள் சொந்த வாகனத்திலோ, கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு எடுத்த காரிலோ போவதே சரி. வாடகை, காத்திருப்புக் கட்டணம், ஓட்டுநர் படி எல்லாவற்றையும் முன்பே பேசிவிடுங்கள். இருசக்கர வாகனத்தில் போவோர் மனைவிக்கும் தலைக்கவசம் எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம். வளைவுகள் நிறைந்த பாதையில் புர்காவின் ஓரம் சக்கரத்தில் சிக்காதபடி மடித்து உட்காருவதும் அவசியம்.

மாலைக்கு முன் போய்ச் சேருங்கள்

இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். மலையில் தெருவிளக்கு எல்லா இடத்திலும் இல்லை. கைப்பேசி சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காது. வழி தவறினால் கேட்பதற்கு ஆள் நடமாட்டமும் இருக்காது. சோர்வோடும் பதற்றத்தோடும் இரவு ஒன்பது மணிக்குப் போய் இறங்கினால், அந்த எரிச்சல் மறுநாளையும் கெடுத்துவிடும்.

தங்குவதற்கு மலையில் வசதி மிகக் குறைவு. கரியாலூரில் வனத்துறை விடுதி உண்டு. முன்அனுமதி பெற்றிருந்தால் மட்டுமே அதை நம்பிப் போக வேண்டும். இல்லையெனில் கள்ளக்குறிச்சி நகரில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்புவது பாதுகாப்பான ஏற்பாடு. பெரும்பாலான தம்பதிகளுக்கு நாம் பரிந்துரைப்பதும் இதுவே.

விடுதியில் இருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். புதிதாக மணமானவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். மனைவியின் ஆதாரில் இன்னும் தந்தை பெயரும் பழைய முகவரியும் இருக்கும். திருமணப் பதிவுச் சான்று அல்லது ஜமாஅத் நிக்காஹ் பதிவின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் வரவேற்பு மேசையில் நின்று விளக்கம் சொல்லும் சங்கடம் இருக்காது.

முதல் நாள்

கள்ளக்குறிச்சியில் காலை உணவை முடித்துக்கொண்டு எட்டு, ஒன்பது மணிக்குள் கிளம்புங்கள். பெட்ரோல் நிரப்புவதையும் பணம் எடுப்பதையும் நகரிலேயே முடித்துவிடுங்கள். கச்சிராயபாளையத்தை அடுத்து மலையடிவாரத்தில் கோமுகி அணை. 1965இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் நீர்மட்டம் 46 அடி. மழைக்காலத்துக்குப் பின் நீர் நிறைந்து, பின்னணியில் மலை நிற்கும் காட்சி அழகானது. அரைமணி நேரம் போதும்.

அங்கிருந்து மலை ஏற்றம் தொடங்குகிறது. வெள்ளிமலை போகும் சாலையை ஒட்டியே பெரியார் அருவி இருக்கிறது. அதிகம் நடக்க வேண்டியதில்லை என்பதால் பெண்களுக்கு வசதியானது. முற்பகலில் போனால் கூட்டம் குறைவு. பிறகு கரியாலூர் போய், படகு குழாமிலும் பூங்காவிலும் நேரம் கழிக்கலாம். மாலை நான்கு மணிக்கெல்லாம் திரும்பும் எண்ணத்துக்கு வந்துவிடுங்கள்.

மேகம், கவியம் போன்ற அருவிகளுக்குக் காட்டுப் பாதையில் நடந்து போக வேண்டும். உள்ளூர் ஆள் துணையும் வனத்துறை அனுமதியும் இல்லாமல் இருவர் மட்டும் அங்கே போக வேண்டாம்.

இரண்டாம் நாள்

மீண்டும் மலைக்குப் போக விரும்புவோர் காலையிலேயே வெள்ளிமலைப் பக்கம் போய், வயல்களுக்கு நடுவே நடந்துவிட்டு மதியத்துக்குள் இறங்கிவிடலாம். சேலம் பக்கம் திரும்புவோர் கருமந்துறை வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது.

சென்னை பக்கம் திரும்புவோருக்கு வழியிலேயே தியாகதுருகம் மலைக்கோட்டை. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலி என்று பலரும் பதினெட்டாம் நூற்றாண்டில் போட்டியிட்ட கோட்டை இது. 1790இல் திப்பு சுல்தானின் படை இதைத் தாக்கியது, ஆனால் கைப்பற்ற முடியவில்லை. மேலே ஏற நேரமில்லாவிட்டாலும் கீழிருந்து பார்த்துவிட்டுப் போகலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் பட்டறைகளில் கைவேலையை நேரில் பார்க்கலாம்.

தொழுகையும் உணவும்

கள்ளக்குறிச்சி நகரில் பள்ளிவாசல்கள் உண்டு. மலையில் ஏறிவிட்டால் தொழுவதற்கான இடத்தை நாம்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தொழுகை விரிப்பும் ஒளு செய்யத் தண்ணீரும் வாகனத்தில் இருக்கட்டும். இணையம் இல்லாத இடத்தில் கிப்லா காட்டும் செயலி உதவாமல் போகலாம். இந்தப் பகுதியிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்காகச் சுமார் 20 பாகை சாய்ந்திருக்கிறது. மேற்குத் திசை தெரிந்தால் போதும், கணித்துக்கொள்ளலாம்.

கஸ்ர், ஜம்உ சலுகைகள் உங்களுக்குப் பொருந்துமா என்பது நீங்கள் கிளம்பும் ஊரின் தூரத்தையும் பின்பற்றும் மத்ஹபையும் பொறுத்தது. சேர்த்துத் தொழுவதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. புறப்படும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஹலால் இறைச்சி உணவை நகரிலேயே விசாரித்து முடித்துக்கொள்ளுங்கள். மலையில் இருப்பவை சிறு டீக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான். அங்கே சைவ உணவே நிம்மதி. வீட்டிலிருந்தோ நகரிலிருந்தோ புளிச்சோறு, சப்பாத்தி, பழம் எடுத்துப் போனால் நேரமும் மிச்சம். 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. எடுத்துச் சென்ற பாத்திரத்தையும் குப்பையையும் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

அருவியில் கவனம்

இந்த மலையின் அருவிகள் அழகானவை. ஆனால் சட்டென்று குணம் மாறுபவை. 2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே, கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள ஆனைவாரி முட்டல் அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. கைக்குழந்தையோடு ஒரு தாய் பாறையில் சிக்கிக்கொண்டார். அங்கிருந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பாறையில் ஏறி, கயிற்றின் உதவியோடு இருவரையும் மேலே கொண்டுவந்தனர். உதவிய இருவர் தவறி வெள்ளத்தில் விழுந்து, நீந்திக் கரை சேர்ந்தனர். அந்தக் காணொளியை நாடே பார்த்தது.

நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களைப் போட்டுவிட்டு உடனே கரையேற வேண்டும். ஆற்றின் நடுப்பாறையில் படம் எடுக்கப் போகக் கூடாது. வனத்துறை தடை விதித்திருந்தால் மீறக் கூடாது.

பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: தரை தொடும் அபாயாவும் வழுக்கும் செருப்பும் ஈரப்பாறையில் ஆபத்து. கணுக்கால் அளவுள்ள தளர்வான ஆடையும் பிடிமானமுள்ள காலணியும் அணியுங்கள். உடை மாற்ற அறை எல்லா அருவிகளிலும் இல்லை. எனவே குளிப்பதைத் தவிர்த்து, கால் நனைத்துவிட்டு வருவதே கண்ணியமும் பாதுகாப்பும்.

இது மலை மக்களின் ஊர்

இங்கே வாழும் பழங்குடியினரை ‘மலையாளி’ என்று அழைக்கிறோம். கேரளத்தவர் என்று பொருளல்ல, மலையை ஆள்பவர் என்று பொருள். அவர்கள் பேசுவது தமிழ்தான். நாடு விடுதலை பெற்ற பின்னும் பல ஆண்டுகள் இம்மலை ஜாகிர்தார்களின் பிடியிலேயே இருந்தது. 1976இல்தான் அந்த முறை முடிவுக்கு வந்தது. சாலை, பள்ளி, மருத்துவம் எல்லாம் இங்கே தாமதமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானபோது, கல்வராயன் மலையின் பெயரும் சாராயத்தோடு சேர்த்தே பேசப்பட்டது. அதையடுத்து மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சிலர் செய்த குற்றத்துக்காக ஒரு மலையின் மக்கள் அனைவரையும் சந்தேகத்தோடு பார்ப்பது எவ்வளவு வலிக்கும் என்பது நம் சமுதாயத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே ஸலாம் சொல்லும் அதே முகமலர்ச்சியோடு அவர்களிடம் பேசுங்கள். அனுமதி கேட்காமல் பெண்களையும் குழந்தைகளையும் வீடுகளையும் படம் எடுக்காதீர்கள். தேன், கடுக்காய், சாமை, பலாப்பழம் போன்றவற்றை அவர்களிடம் நேரடியாக வாங்குங்கள். நூறு ரூபாய் பொருளுக்குப் பத்து ரூபாய் குறைக்கப் பேரம் பேச வேண்டாம்.

கிளம்பும் முன் சரிபார்க்க

– இருவரின் அடையாள அட்டை, நிக்காஹ் பதிவு நகல், அறை முன்பதிவுச் சீட்டு

– சில்லறையோடு ரொக்கம், கைப்பேசிக்கான கூடுதல் மின்கலம், டார்ச்

– தொழுகை விரிப்பு, குடிநீர், ஒளுவுக்குத் தனித் தண்ணீர்

– வழக்கமான மாத்திரைகள், மலைப்பாதையில் தலைசுற்றலுக்கான மருந்து

– மாற்று உடை, மெல்லிய சால்வை, பிடிமானமுள்ள காலணி

– எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்ற விவரம் வீட்டில் ஒருவரிடம்

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181. கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கினால் பெரிய சிகிச்சைக்கு அதுவே அருகில்.

கடைசியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மகனும் மருமகளும் இரண்டு நாள் போய்வருகிறோம் என்றால், ‘நாங்களும் வருகிறோம்’ என்று வேன் பிடிக்க வேண்டாம். மணிக்கொரு முறை அழைத்து விசாரிக்கவும் வேண்டாம். வருடத்தில் பதினோரு மாதம் கைப்பேசித் திரையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். அந்தத் திரை இல்லாமல் இருவரும் முகம் பார்த்துப் பேசும் இரண்டு நாளை மனமுவந்து கொடுங்கள். அல்லாஹ் அவர்களின் பயணத்தை இலகுவாக்கி, நலமாகத் திரும்பச் செய்வானாக.